மூன்றாவது விதி

சனிக்கிழமை காலை ஏழு ஐம்பது. வகுப்பறைக் கதவைத் தள்ளியதும் முதலில் கண்ணில் பட்டவை இரண்டு நாற்காலிகள். மற்ற நாற்காலிகள் எல்லாம், வெள்ளிக்கிழமை மாலை தரையைக் கூட்டுவதற்காக மேசைமேல் கவிழ்த்து வைத்தபடியே கால்களை மேலே நீட்டிக்கொண்டிருந்தன. ஜன்னலோரத்தில் மட்டும் இரண்டைக் கீழே இறக்கிப் போட்டிருந்தார்கள். ஒன்றில் அந்த மாணவி உட்கார்ந்திருந்தாள். மற்றது காலியாக, உட்கார வசதியாகச் சற்றே வெளியே இழுத்து விடப்பட்டிருந்தது.

அவளுடைய தோழி இறந்து இரண்டாவது வாரம் அது.

நாளிதழ் ஒன்றில் துணையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, ஜார்ஜ்டவுனில் ஓர் இடைநிலைப்பள்ளிக்கு ஐந்தாம் படிவத்தில் படிக்கும் பதினேழு வயது மாணவர்களுக்குத் தமிழ்க் கட்டுரை சொல்லித் தரப் போய்க்கொண்டிருந்தேன். அங்கே பாடங்கள் மலாயில்; பாட நேரத்தில் தமிழுக்கு இடமில்லை. சனிக்கிழமை காலையில்தான் வகுப்பு. என்னை அழைத்தவர் பள்ளியின் தமிழாசிரியை, என்னைவிட இருபது வயதாவது இளையவர். ஐந்தாம் படிவ முடிவில் எழுதும் எஸ்பிஎம் அரசுத் தேர்வில் தமிழில் கிரெடிட் என்ற நல்ல தேர்ச்சி வாங்குபவர்கள் குறைந்துகொண்டே போனால் வகுப்பே இருக்காது என்ற பேச்சு பள்ளியில் இருந்தது. அதற்கு அவர் கண்டுபிடித்த வழி எளிமையானது. நன்றாக எழுதும் ஒருவரையும் எழுதத் திணறும் ஒருவரையும் ஜோடியாக உட்கார வைத்தார். சுவரில் ஓர் அட்டை ஒட்டினார். அதில் மூன்று விதிகள். எழுதப்போவதைப் பக்கத்தில் இருப்பவரிடம் முதலில் வாயால் சொல். புரியாததை அவர் கேட்கட்டும். அவர் தலையசைத்த பிறகே பேனாவை எடு.

இது வேலை செய்தது. செய்தி அறையிலும் இதைப் பார்த்திருக்கிறேன். முதல் வரி வராமல் தவிக்கும் நிருபரிடம் என்னதான் நடந்தது என்று கேட்டால், பதில் சொல்லும்போதே அந்த வரி வந்து விழுந்துவிடும். ஆசிரியை ஒரு செய்தி அறையிலும் கால் வைத்தவர் அல்ல. தானாகவே கண்டுபிடித்திருந்தார்.

ஜன்னலோரத்தில் இருந்த அவளும் அவள் தோழியும் அப்படியொரு ஜோடி. டத்தோ கிராமாட் பகுதியில் பக்கத்துப் பக்கத்துத் தெரு. ஆண்டுத் தொடக்கத்தில் அவளால் அரைப் பக்கத்தைத் தாண்ட முடியவில்லை. தோழி லேசில் தலையசைக்க மாட்டாள். கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள். பிறகு, "இது கட்டுரையா, பஸ் டிக்கெட்டா? மறுபடி சொல்லுடி" என்பாள். இவள் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி சொல்வாள். கடைசியில் தோழியின் தலை மெல்ல இரண்டு முறை அசையும். பள்ளி நடுப்பருவ விடுமுறைக்கு முன் அவள் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அதை ஆசிரியை உயர்த்திப் பிடித்து வகுப்புக்கே காட்டினார்.

விடுமுறை முடிந்த முதல் வாரத்தில் தோழிக்குக் காய்ச்சல் கண்டது. டெங்கி என்றார்கள். அந்த வாரம் முடிவதற்குள் இறந்துவிட்டாள். துக்கம் விசாரிக்க நானும் ஆசிரியையும் போன மாலையில், நகராண்மைக் கழக ஆட்கள் அந்தத் தெருவில் கொசு மருந்துப் புகை அடித்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளைப் புகைக்குள் வீடுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. அவள் எந்த வீட்டுக்குள்ளும் போகாமல், மூக்கைக்கூடப் பொத்தாமல், புகைக்குள்ளேயே நின்றுகொண்டிருந்தாள்.

அடுத்த வாரமே எஸ்பிஎம்முக்கான முன்னோட்டத் தேர்வு. அதில் அவள் கொடுத்த தாளை ஆசிரியை என்னிடம் காட்டினார். பெயரும் தலைப்பும் அழகான கையெழுத்தில் இருந்தன. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

இரண்டு நாற்காலிகளைக் கண்ட அந்தச் சனிக்கிழமை அதே தலைப்பை வகுப்பில் கொடுத்தேன். எல்லாரும் ஜோடியோடு பேசத் தொடங்கினார்கள். அவள் காலி நாற்காலியின் பக்கம் திரும்பினாள். தாழ்ந்த குரலில், தடுமாறாமல், முன்னுரையிலிருந்து முடிவுவரை சொன்னாள். அவள் பின்னால் நின்று முழுவதையும் கேட்டேன். நல்ல கட்டுரை. சொல்லி முடித்ததும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியையே பார்த்திருந்தாள். பேனா மூடியபடி மேசையில் கிடந்தது.

பின்வரிசைப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம், "கேட்டுப் பாருலா, அது தலையாட்டிச்சான்னு" என்றான். யாரும் சிரிக்கவில்லை. அவனும் உடனே தலையைக் குனிந்துகொண்டான்.

வகுப்பு கலைந்ததும் ஆசிரியை அவள் அருகில் போய் ஏன் எழுதவில்லை என்று கேட்டார்.

"அவ இன்னும் தலையாட்டலையே, டீச்சர்."

அழவில்லை. பஸ் இன்னும் வரவில்லை என்று சொல்வதைப் போலச் சொன்னாள்.

ஆசிரியை தெரிந்ததையெல்லாம் செய்து பார்த்தார். ஆலோசக ஆசிரியரிடம் அனுப்பினார். வேறு ஒரு பெண்ணை ஜோடியாகச் சேர்த்தார். அவள் மரியாதையாக அந்தப் பெண்ணிடமும் கட்டுரையைச் சொன்னாள். அந்தப் பெண் அவசரமாகத் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அப்போதும் இவள் பேனாவைத் தொடவில்லை. ஒருநாள் ஆசிரியை தானே போய்க் காலி நாற்காலியில் உட்கார்ந்தார். அவள் சட்டென்று எழுந்து நின்றுவிட்டாள்.

"டீச்சர், அங்க ஆளு இருக்கு."

ஆசிரியையும் எழுந்துவிட்டார். மீதி வகுப்பு முழுவதும் சுவரோரமாக நின்றுகொண்டே பாடம் நடத்தினார்.

அன்று நடைவழியில், மூன்றாவது விதியை அட்டையிலிருந்து எடுத்துவிடலாமே என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"எழுதி ஒட்டுனதே நான்தான் அண்ணே. இப்ப அத எடுத்தா, செத்துப்போன அந்தப் பிள்ளையவே எடுத்த மாதிரி இவ நினைப்பா. தேர்வுக்கே வர மாட்டா."

எஸ்பிஎம் தமிழ்த் தாள் எழுதும் நாளன்று காலை நானும் பள்ளிக்குப் போனேன். தேர்வு மண்டபத்துக்குள் எங்களுக்கு அனுமதியில்லை. சிற்றுண்டிச்சாலையில் தேநீரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆசிரியை குடிக்கவே இல்லை. அவள் எழுதுவாளா என்பதுதான் இருவர் மனதிலும்.

நேரம் முடிந்து மற்றவர்கள் சத்தமாக வெளியே வந்தார்கள். அவள் கடைசியாக வந்தாள். வலது கையின் நடுவிரலில் மை. அதை முதலில் பார்த்தவர் ஆசிரியைதான்.

அவளே சொன்னாள். ஆண்டுத் தொடக்கத்திலேயே தேர்வுப் பதிவு முடிந்துவிட்டதால் தோழியின் எண் ஒட்டிய மேசை மண்டபத்தில் அப்படியே இருந்திருக்கிறது. இருவரும் சேர்ந்து பதிந்ததால் அடுத்தடுத்த எண்கள். தோழியின் மேசை இவளுக்கு நேர் முன்னால். கண்காணிப்பாளர்கள் வெளியூர் ஆசிரியர்கள். அவர்களுக்கு எதுவும் தெரியாது. அந்த மேசையிலும் ஒரு வினாத்தாளை வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"நான் மனசுக்குள்ளயே எல்லாத்தையும் சொன்னேன், டீச்சர். சொல்லி முடிச்சுட்டுப் பார்த்துக்கிட்டே இருந்தேன். அந்தப் பேப்பரோட மேல் பக்கம் மெதுவா ரெண்டு தடவ எழும்பிச்சு."

"ஃபேன் காத்தும்மா" என்றார் ஆசிரியை.

"தெரியும், டீச்சர்."

அரை மணி நேரம் கழித்து கண்காணிப்பாளர் ஒருவர் வந்து முன் மேசையிலிருந்த அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனாராம். அப்போது அவள் இரண்டாவது பக்கத்தில் இருந்தாளாம்.

தேர்வு முடிவு வந்தபோது அவளுக்குத் தமிழில் கிரெடிட் கிடைத்திருந்தது. இப்போது புக்கிட் மெர்தாஜாமில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஆறாம் படிவம் படிக்கிறாள். சனிக்கிழமை வகுப்பு தொடர்கிறது. பிள்ளைகள் ஜோடியாகத்தான் உட்காருகிறார்கள். ஆசிரியை இந்த ஆண்டு புதிய அட்டை எழுதி ஒட்டியிருக்கிறார். அதில் இரண்டு விதிகள் இருக்கின்றன.