கூட்டினால் பூஜ்ஜியம்

கணிதம் படித்து முடித்த கையோடு, வீரபாண்டியில் ஒரு பனியன் கம்பெனியில் தரம் பார்க்கும் வேலைக்குச் சேர்ந்தேன். ஏற்றுமதிக்குப் போகும் பனியன்களை டேப் வைத்து அளக்க வேண்டும். இரண்டாயிரங்களின் நடுப்பகுதி. ஆர்டர்கள் குவிந்தன, நின்று பேச யாருக்கும் நேரமில்லை.

அந்த முறை துணி இரண்டு சாயப்பட்டறைகளில் நீலச் சாயமேறி வந்திருந்தது. ஒன்று தைத்த பிறகு சுருங்கியது, மற்றது இளகிக்கொடுத்தது. மார்பகலம் ஐம்பது சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கூடலாம், அல்லது குறையலாம். நான் அளந்ததில் பாதி ஐம்பத்திரண்டு, பாதி நாற்பத்தெட்டு.

புரொடக்‌ஷன் மேனேஜரிடம் ஓடினேன். அவர் கால்குலேட்டரைத் தட்டினார். முகம் மலர்ந்தது.

“ப்ளஸ் ரெண்டு, மைனஸ் ரெண்டு. கூட்டுனா ஜீரோ வருதுங்களே கண்ணு. அப்புறமென்ன?”

“அப்படிக் கூட்டக்கூடாதுங்க சார். குறிய எடுத்துட்டுப் பாக்கணும். கூடுனாலும் ரெண்டு தப்பு, குறைஞ்சாலும் ரெண்டு தப்பு. ஒரே ஆளு ரெண்டு பனியனையும் சேத்துப் போட மாட்டாங்களே?”

கல்லூரியில் இதைத் தனி மதிப்பு என்பார்கள். எண்ணின் இருபுறமும் ஒரு கோடு போட்டு எழுதுவோம். பூஜ்ஜியத்துக்கு எந்தப் பக்கம் என்று கேட்காமல், எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்கிற கணக்கு. அதை அவருக்கு விளக்க வாயெடுத்தேன். மெஷின்களின் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன்.

“படிச்ச புள்ள, சரியாத்தான் சொல்லுவீங்க. ஆனா கன்டெய்னர் நாளானிக்குக் கிளம்பணுமுங்களே, என்ன பண்றது?” என்று சிரித்தபடியே நகர்ந்துவிட்டார்.

முதலாளி வெளியூரில் இருந்தார். போன் எடுக்கவில்லை. என் கண் முன்னால் பனியன்கள் ஆவி பறக்க அயர்னாகி, மடிந்து, பாலித்தீன் பைக்குள் போய்க்கொண்டே இருந்தன.

மறுநாள் வெளிநாட்டுக் கம்பெனியின் ஆள் சோதிக்க வந்தார். ஒரு பெட்டியைப் பிரித்தார்; இன்னொன்றைப் பிரித்தார். டேப்பைச் சுருட்டிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “மொத்தமும் ரிஜெக்ட்” என்றார்.

பேக்கிங்கில் திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருவர் இருந்தார். “ஏளா, நாங்க மடிச்சதுல எதும் தப்பா?” என்று கேட்டார்.

“இல்லக்கா.”

“பொறவு எதுக்கு எல்லாத்தையும் பிரிக்கச் சொல்லுதாவ?”

அவர் பக்கத்தில் உட்கார்ந்து நானும் பைகளைப் பிரித்தேன்.

முதலாளி வந்ததும் என்னைக் கூப்பிட்டார். “உங்களுக்கு முன்னாலயே தெரியுமாமுங்க. இன்னுங் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமில்லீங்களா?” என்றார், மெதுவாகத்தான். மேனேஜர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த நீலப் பனியன்கள் உள்ளூர்ச் சந்தைக்குப் போயின. பிறகு வெகுநாள், பஸ்ஸிலும் டீக்கடையிலும் அவற்றைப் போட்டவர்களைப் பார்த்தேன். சிலருக்கு உடம்பைப் பிடித்தது, சிலருக்குத் தொளதொளத்தது. நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.