ஆயில் முள்

சூடேறிய எந்திர எண்ணெயின் நெடியும் நீர் பாய்ந்த கரிசல் மண்ணின் மணமும் கலந்து வரும்போதெல்லாம், பசுவந்தனைக்கு அருகில் இருந்த எங்கள் கிணற்றடியும், அங்கே அதிர்ந்துகொண்டு நின்ற டீசல் எந்திரமும், கைப்பிடியைச் சுழற்றி அதனை ஓடவைத்த என் அன்னையின் தோற்றமும் கண்முன் விரிகின்றன.

தந்தையார் வெளியூரில் வேலை பார்த்தமையால், எந்திரம் அன்னையின் பொறுப்பில் இருந்தது. அடித்தொட்டியில் கிடக்கும் உயவெண்ணெயைச் சிறு பம்பு ஒன்று கம்பிவலைச் சல்லடை வழியாக உறிஞ்சி, சுழல்தண்டின் உட்துளைகளுக்கும் அதனைத் தாங்கும் "பேரிங்கு"களுக்கும் அழுத்தி அனுப்பும்; அங்கிருந்து சிதறும் எண்ணெய் உருளைச் சுவரில் படிய, "பிஸ்டன்" வளையம் மிகுதியை வழித்துத் தொட்டிக்கே திருப்பும். இரும்போடு இரும்பு நேரே உரசாதபடி இடையில் ஒரு மெல்லிய படலத்தை நிறுத்துவதே இவ்வுறுப்புகள் அனைத்தின் பணி. அது நடைபெறுகிறதா என்பதை, வெளியே வட்டக் கண்ணாடிக்குள் இருந்த "ஆயில் முள்" காட்டும்; எண்ணெயின் அழுத்தம் குறைந்தால் முள் கீழே சரியும்.

ஒரு மாசி மாதம், மிளகாய்ச் செடிகள் பூவும் பிஞ்சுமாய் நின்ற வேளையில், அன்னை எண்ணெய் மாற்றினார். காற்றில் பறந்த கரிசல் புழுதிக்கு அஞ்சி, வழக்கமான துணிக்கு மாற்றாக, அவ்வாண்டு எங்கள் காட்டில் வெடித்த பருத்தியின் பஞ்சைப் புனலில் அடைத்து வடித்தார். விதை நீக்கிக் கொடுத்தவள் நான். மறுநாள் பாதி வயல்கூட நனையுமுன்னே முள் சரிந்து அடியில் படுத்தது.

"முள்ளுக்குக் கோட்டி பிடிச்சிருக்கும் மதினி. ஓட்டுங்க, செடி வாடுதுல்லா?" என்றார் பக்கத்துப் புஞ்சைக்காரர்.

வெள்ளாமை முழுவதும் அந்நீரை நம்பியிருந்தது. ஆயினும் அன்னை எந்திரத்தை நிறுத்திவிட்டார்.

"செடிக்கு நாளைக்குத் தண்ணி காட்டலாம் தம்பி. எஞ்சினு வெந்துபோச்சுன்னா அதுக்கு என்னத்தக் காட்ட?"

கோவில்பட்டியிலிருந்து மிதிவண்டியில் வந்த "மெக்கானிக்கு அண்ணாச்சி" தொட்டியைத் திறந்து சல்லடையை உருவினார். புனலிலிருந்து எண்ணெயோடு இறங்கி, கருகருவென ஊறிய பஞ்சு அதனைக் கம்பளிபோல் மூடியிருந்தது.

"யாரு தாயி, எஞ்சினுக்கு மெத்தை தைச்சுப் போட்டது?"

நான் அன்னையின் முதுகுக்குப் பின் ஒளிந்துகொண்டேன்.

"புழுதி போயிரக் கூடாதுன்னு நாந்தான் பஞ்சு வச்சு வடிச்சேன் அண்ணாச்சி," என்றார் அன்னை, என் பெயரை எடாமலே.

"புழுதிய மட்டுமா நிறுத்துனிய? எண்ணெயையும்லா நிறுத்திட்டிய! இன்னுங் கொஞ்சம் ஓட்டியிருந்தா பேரிங்கு கருகியிருக்கும். நல்லவேளை, முள்ளப் பாத்திய."

சல்லடையைக் கழுவி, புது எண்ணெய் ஊற்றி ஓட்டியதும் முள் துள்ளி எழுந்தது. மாலைக்குள் கடைசிப் பாத்தியும் நனைந்தது. அவ்வாண்டு மிளகாய் நன்றாகவே காய்த்தது.

இன்று அக்கிணற்றில் நீர்மூழ்கி மோட்டார் ஓடுகிறது. எந்திரமும் முள்ளும் போயின. என் மகனுடைய காரில் முள்ளுக்கு மாற்றாக ஒரு சிவப்பு விளக்கு. சென்ற மாதம் ஓட்டப்பிடாரம் செல்லும் வழியில் அது எரிந்தது.

"ஒயர் கோளாறா இருக்கும்மா. ஊரு வந்துட்டுல்லா, போயிருவோம்," என்றான்.

"நிறுத்துலே!" என்றேன். ஐம்பதாண்டு பேணிய என் செந்தமிழ் அக்கணம் எங்கோ போய்விட்டது. வண்டியை நிறுத்தி, எண்ணெய் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தான். நுனியில் ஈரம்கூட இல்லை. அவன் எண்ணெய் வாங்க நடந்தான். நான் சாலையோர வேலமர நிழலில், மனநிறைவோடு அமர்ந்திருந்தேன்.