கரண்ட் இல்லாத நாள் பார்த்து வந்த டீச்சர்

எங்கள் வீட்டில் மெதுவாகப் பேசிப் பழக்கமே கிடையாது. சூலூருக்குப் பக்கத்தில் ஊர். வீட்டை ஒட்டியே விசைத்தறிக் குடோன். பகலும் ராத்திரியும் தறி ஓடும். சோறு போடட்டுமா என்று அம்மா கேட்பதே சண்டைக்கு இழுப்பது போலத்தான் இருக்கும். பாதிப் பேச்சு கையிலும் கண்ணிலுமே முடிந்துவிடும். இந்தச் சத்தத்துக்குள்ளேயே பிறந்து வளர்ந்த என் தம்பி, எதிரில் இருப்பவர்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பான். என்ன கவனம் பாரு என்று சொந்தக்காரர்கள் மெச்சுவார்கள். எங்களுக்கும் அதில் பெருமைதான்.

நான் நான்காம் வகுப்பு, அவன் இரண்டாம் வகுப்பு. ஊர் அரசுப் பள்ளியில் எல்லோருக்கும் ஒரே அறை. பாயில் வட்டமாக உட்கார்ந்து, படம் போட்ட அட்டைகளை வைத்துக்கொண்டு படிப்போம். அந்த வருடம் கோபியிலிருந்து மாற்றலாகி ஒரு டீச்சர் வந்தார். முன்பிருந்தவர் தம்பியின் சிலேட்டைப் பார்த்துத் தலையில் ஒரு குட்டு வைப்பதோடு சரி. இவர் குட்டவில்லை. அவன் எழுதியதைப் பார்த்துவிட்டு, கொஞ்ச நேரம் அவனையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

ஒரு நாள் எங்கள் எல்லோரையும் வைத்து ஒரு விளையாட்டு நடத்தினார். முன்னால் நாலைந்து அட்டைகள் கிடக்கும். டீச்சர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நின்று மெல்ல ஒரு பெயர் சொல்வார். அந்தப் படத்தை எடுத்துக் காட்ட வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. எனக்கு இதெல்லாம் ஒரு பொருட்டா, டக்கென்று எடுத்துவிட்டேன். தம்பி ஒரு அட்டையையும் தொடவில்லை. டீச்சர் எத்தனை முறை சொல்லியும் மடியில் கையை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான். பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்கு மானம் போயிற்று. பிறகு டீச்சர் அவன் எதிரில் வந்து உட்கார்ந்து அதே பெயர்களை அதே குரலில் சொன்னார். ஒன்று விடாமல் எடுத்துக் கொடுத்தான். வேண்டுமென்றே என் மானத்தை வாங்கியிருக்கிறான் என்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் திட்டினேன்.

அந்த வாரமே டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். பராமரிப்பு வேலைக்காகக் கரண்ட்டை நிறுத்தும் நாளாகப் பார்த்து வந்திருந்தார். தறிகள் நின்று, ஊரே புதிதாக இருந்தது. தம்பி வாசலில் முதுகைக் காட்டிக்கொண்டு மண்ணில் விளையாடிக்கொண்டிருந்தான். எதிரில் நின்று சொன்னால் சரியாக எழுதுகிறான், பின்னால் நின்று சொன்னால் பக்கத்துப் பையனைப் பார்க்கிறான் என்று டீச்சர் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"பையன் மக்கு இல்லீங்க. அவனுக்குக் காதுதான் சரியாக் கேக்கறதில்லைன்னு நெனைக்கறேன். ஒருக்கா கோயமுத்தூர்ல டாக்டர்கிட்டக் காட்டிப்போடுங்க."

"ஏனுங்க டீச்சர், எம்பையனச் செவுடுங்கறீங்களா? ஊட்டுல நாங்க சொல்றதெல்லாம் அவனுக்குப் புரியுதுங்களே" என்றார் அப்பா.

டீச்சர் தம்பியின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அவன் திரும்பவில்லை. அம்மா கூப்பிட்டாள். கடைசியில் அப்பா எழுந்து, அவனுக்குப் பின்னால் போய், இரண்டு கையையும் ஓங்கித் தட்டினார். பக்கத்தில் மேய்ந்துகொண்டிருந்த கோழி இறக்கையை அடித்துக்கொண்டு ஓடியது. தம்பி மண்ணைக் குவித்துக்கொண்டே இருந்தான்.

அப்பாவின் முகம் சிவந்துவிட்டது. டீச்சர் மேல் கோபம் என்று நினைத்தேன். பயந்துபோனவரின் முகமும் அப்படித்தான் இருக்கும் என்று எனக்கு யார் சொல்லியிருந்தார்கள்.

"அவன் வெளையாட்டு மும்முரத்துல இருக்கறானுங்க" என்றார் அப்பா. அம்மா டீச்சரின் கையைப் பிடித்துக்கொண்டாள். "ஊருக்குள்ள சொல்லிப்போடாதீங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகுது. நாளைக்கு அவனுக்குப் பொண்ணு யாருங்க குடுப்பாங்க?" ஏழு வயதுப் பையனுக்கு அன்றைக்கே பெண் பார்த்தாகிவிட்டது. டீச்சர் இன்னும் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் அப்பா குடோனுக்குள் போய் நின்றுகொண்டார்.

அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் நல்ல பிள்ளைக்குக் கெட்ட பேர் வைப்பார்கள் என்று வீட்டில் முடிவாயிற்று. தம்பியை டவுனில் ஒரு பெரிய இங்கிலீஷ் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கே வகுப்பு கொள்ளாத பிள்ளைகள். ஆசிரியர்கள் போர்டைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்துவார்கள். மாதம் ஒரு பரீட்சை, ரேங்க் கார்டு, கடைசி இடம், வீட்டில் அடி. அந்த மார்க்கை வைத்து அவனை அடித்தவர்கள் உண்டே தவிர, எதனால் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. எதிரில் இருப்பவர்களின் வாயைப் பார்ப்பதையும் அவன் விட்டுவிட்டான், தரையைப் பார்க்க ஆரம்பித்தான். ஒன்பதாவதோடு படிப்பு நின்றது. அதற்கப்புறம்தான் டாக்டரிடம் போனார்கள். ரெண்டாவது படிக்கும்போதே கூட்டி வந்து காதுக்கு மிஷின் மாட்டியிருந்தால் பேச்சும் படிப்பும் நன்றாக வந்திருக்கும் என்றார் அவர். அப்பாவைப் பார்த்தால் இப்போது பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் என் ஆத்திரம் தீரவில்லை.

புதுப் பள்ளிக்கு அவன் கிளம்பிய முதல் நாள் எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. அவனுக்கு மட்டும் டை, கறுப்பு ஷூ, மஞ்சள் வேன். நான் பழைய பையை மாட்டிக்கொண்டு, அழுதுகொண்டே எங்கள் பள்ளிக்கு நடந்தேன். வேன் என்னைத் தாண்டிப் போனது. டீச்சர் பள்ளி வாசலில் நின்று, அது மறையும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. என்னை அனுப்பாமல் விட்டுவிட்டார்களே என்று எனக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.