அம்மா பிடித்த சவரக்கத்தி

"...இதுக்கெல்லாம் எவனாவது கழுத்தக் கொடுப்பானா?" என்றாள் என் மனைவி. ஆம்பூர் பழைய சாமான் கடையில் என் சேகரிப்புக்காக நான் வாங்கிவந்த இன்னொரு சவரக்கத்தி அது. தோல் வாரில் தீட்டினேன். அந்தச் சத்தத்தில் அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா வேலை செய்த தோல் பதனிடும் ஷாப்பின் சுண்ணாம்புத் தொட்டி, கத்தி பிடிக்க முடியாதபடி அவர் இரு கைகளையும் புண்ணாக்கியிருந்த சமயம். மறுநாள் அக்காவுக்கு நிச்சயதார்த்தம், அப்பா முகத்திலோ ஒரு வாரத் தாடி. அம்மாவோடு சண்டை, பேச்சே கிடையாது. திடீரென்று அம்மா அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டு எதிரே வந்து நின்றாள்.

"இன்னா, பயமா இருக்கா?"

"அறுக்கறதா இருந்தா நாளைக்கு நிச்சயம் முடிஞ்சி அறு" என்று அப்பா கழுத்தை நிமிர்த்தினார். அம்மா அந்தத் தாடி முழுவதையும் மழித்து முடித்தாள். ஒரு கீறல்கூட விழவில்லை.

சொல்லி முடித்தேன். என் மனைவி கத்தியை வாங்கிக்கொண்டு, என் முகவாயைப் பிடித்து மேலே தூக்கினாள்.