தலைமாட்டு அரிவாள்

நான் வாழ்க்கைப்பட்ட வீட்டில் பேய்க்கு இருந்த மரியாதை பிள்ளை பெற்றவளுக்குக் கிடையாது. குன்னம் பக்கம், வெங்காயம் போடும் குடும்பம். ஆடு குட்டி போட்டால் பக்கத்திலேயே உட்கார்ந்து தண்ணீர் காட்டுவார்கள். மருமகள் பிள்ளை பெற்றால் ஓர் அறையில் தள்ளி, தீட்டு என்று யாரும் தொடமாட்டார்கள். தண்ணீர் நிறையக் குடித்தால் ஜன்னி வருமாம், தொண்டை நனையத்தான் கொடுப்பார்கள். உலகச் சண்டை நடந்த காலம், மண்ணெண்ணெய் குதிரைக்கொம்பு, அதனால் விளக்கும் இல்லை. ஆனால் பேய் அண்டாமலிருக்கத் தலைமாட்டில் ஓர் அரிவாள் மட்டும் தவறாமல் இருக்கும்.

என் ஓரகத்திக்கு, அதாவது கணவரின் அண்ணன் மனைவிக்கு, மறுபடியும் பெண் பிறந்தது. தாயில்லாதவள், போக வேறு வீடு இல்லை. அவள் புருஷன் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். சந்தையில் சொத்தைக் கத்தரிக்காயைப் பார்த்தவர் முகத்தில்கூட அதைவிடக் கொஞ்சம் அக்கறை இருக்கும்.

அவளுக்குத் தூக்கம் போயிற்று. குழந்தையைப் பார்த்து அழுவாள், அல்லது சுவரைப் பார்ப்பாள். ஒருநாள் கஞ்சி வைக்க வந்த மாமியாரிடம் சொன்னாள்:

“அத்தே, அந்த அருவாள எடுத்துருங்க. அதப் பாத்தா எனக்குப் பயமா இருக்கு. புள்ளய ஏதாச்சும் பண்ணிருவனோன்னு இருக்கு.”

மாமியார் முகம் மலர்ந்துவிட்டது. “பாத்தியா? இரும்புக்குப் பயப்படுதுன்னா உள்ள இருக்கறது பேய்தான்!” என்று வாசலில் நின்ற என்னிடம் சொல்லிவிட்டு, இன்னோர் அரிவாளையும் கொண்டுவந்து வைத்தார். அடேயப்பா, என்ன மூளை! அடுத்த தெருவில் ஒருத்தி பச்சை உடம்போடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிணற்றில் குதித்தாளே, அவளும் முன்னாடியே பயமாயிருக்கிறது என்று சொன்னவள்தான். அவளுக்கும் பேய் என்று வேப்பிலைதான் அடித்தார்கள். பிறகு கொலைகாரி என்றார்கள்.

மறுநாள் எல்லோரும் வெங்காயம் பிடுங்கப் போயிருந்தார்கள். நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். தீட்டுக்காரி அடுப்படி வாசலைத் தாண்டி உள்ளே வந்தாள். குழந்தையை என் மடியில் வைத்தாள்.

“நீ வச்சுக்க தங்கச்சி. என் கையை என்னாலயே நம்ப முடியல.”

பானையில் மொண்டு மொண்டு தண்ணீர் குடித்தாள். அங்கேயே தரையில் படுத்துத் தூங்கிவிட்டாள். என் மகன் இன்னும் பால்குடி மறக்காதவன், அதனால் அழுத குழந்தைக்கு நானே பால் கொடுத்தேன்.

திரும்பி வந்தவர்கள் போட்ட கூச்சல் இருக்கிறதே! அடுப்படி தீட்டாகிவிட்டதாம். பானைகளைத் தூக்கித் தெருவில் போட்டு உடைத்தார்கள், சாணி கரைத்துத் தெளித்தார்கள். குழந்தை எங்கே என்று ஒருவர் வாயிலிருந்தும் வரவில்லை. பிள்ளையைப் பிழைக்கவைக்க எழுந்து வந்தவளுக்குப் பைத்தியம், பானை உடைத்தவர்களுக்குப் புத்தி தெளிவு.

நான் பிடிவாதமாக அவள் கூடவே இருந்தேன். தீட்டு எனக்கும் ஒட்டியாயிற்று, இனி என்ன? குழந்தையை நான் வைத்துக்கொண்டேன், அவளைத் தூங்க விட்டேன், கேட்டபோதெல்லாம் தண்ணீர் கொடுத்தேன். மெல்ல மெல்ல ஆள் தேறினாள், ஒருநாள் தானே கேட்டுக் குழந்தையை வாங்கிக்கொண்டாள். மாமியார் கோயிலுக்குச் சேவல் அறுத்தார். பெருமையெல்லாம் அரிவாளுக்குப் போயிற்று.

அதனால்தான் என் அடுத்த பிரசவம் முடிந்ததும் அதே அரிவாளோடு வந்தார். “ராசியான அருவாள்டி” என்று என் தலைமாட்டில் வைத்தார். ஓரகத்தி வாசலில் நின்றிருந்தாள். உள்ளே வந்து அதை எடுத்துக்கொண்டு போனாள். கொல்லைக் கிணற்றில் தொப்பென்று சத்தம் கேட்டது. மாமியார் தலையிலடித்துக்கொண்டு கத்தினார்.

அவள் ஒரு செம்புத் தண்ணீரோடு திரும்பி வந்து, என் குழந்தையைத் தன் மடியில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

“குடிச்சுட்டுத் தூங்கு. நான் இங்கதான் இருக்கேன்.”