தண்ணீரில் சீசா

ஹைதராபாத் மல்லாபூரில் எங்கள் சந்துக்குத் தண்ணீர் கொண்டுவந்த குழாய் அங்கிருக்கும் வீடுகளைவிட மூத்தது. அதில் ஈயம் இருக்கிறது என்பது என் மூன்று வயது மகளின் ரத்தத்தைச் சோதித்த பிறகுதான் தெரிந்தது. குழந்தை சரியாகச் சாப்பிடுவதில்லை என்று டாக்டரிடம் போனோம், கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது. முதலில் தண்ணீரை மாற்றுங்கள் என்றார் டாக்டர்.

அன்றைக்கே கேன் தண்ணீருக்கு மாறினோம். ஆனால் என் மகளோ வாஷ்பேசின், குளியலறை வாளி என்று எங்கே தண்ணீரைக் கண்டாலும் வாய் வைப்பவள். நாள் முழுக்க அவள் பின்னாலேயே ஓடினேன். சந்தில் பாதிப்பேர் ஃபாக்டரி வேலைக்குப் போகிறவர்கள், தினமும் கேன் வாங்க அவர்களுக்குக் கட்டாது. அரசாங்கம் பணம் கொடுத்துக் குழாயையே மாற்றினால்தான் உண்டு.

கீழ்வீட்டு அக்காவைத் துணைக்கு அழைத்தேன். மூன்று தலைமுறையாக ஹைதராபாத். தமிழில் ஊர் உருது கலந்துவிடும்; கைக்கு என்றால் ஏன், நக்கோ என்றால் வேண்டாம். கணவர் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

"ஈயமா? எங்க வீட்டு ரசமே ஈயச் சொம்புலதான் கொதிக்குது. கைக்கு இப்பிடி பயப்படறே?" என்றார்.

"அது வெள்ளீயம்க்கா. இது காரீயம். விஷம்."

"ஓ, சீசாவா? பட்டறையில அப்பிடித்தான் சொல்லுவாங்க. நக்கோம்மா நக்கோ, அது ரொம்பக் கெட்டது. எப்போ போகலாம்?"

குடிநீர் அலுவலகத்தில் இன்ஜினியர் நல்ல மனிதர். நாங்கள் எழுதிக் கொண்டுபோன மனுவைப் பிரிக்காமலேயே, என்ன வேண்டும் என்று வாயால் சொல்லச் சொன்னார். ஈயத்துக்குத் தெலுங்கில் என்ன சொல் என்று எனக்குத் தெரியாது. அக்கா சொன்னதையே பிடித்துக்கொண்டேன். "நீள்ளலோ சீசா சார். சின்ன பில்லலு சார்" என்று, தண்ணீரில் சீசா, சின்னப் பிள்ளைகள் என எனக்குத் தெரிந்த தெலுங்கில் ஆரம்பித்து, பணம் ஒதுக்கியே ஆகவேண்டும் என்று கெஞ்சி முடித்தேன். பிள்ளைகளுக்காகக் கட்டாயம் செய்கிறேன் என்றார். அரசு அலுவலகத்தைப் பற்றி ஊர் சொல்வதெல்லாம் பொய் என்று நினைத்துக்கொண்டு, வரும் வழியில் அக்காவுக்கு மிர்ச்சி பஜ்ஜி வாங்கிக்கொடுத்தேன்.

அடுத்த வாரம் ஒரு வேன் வந்து நின்றது. உள்ளே முழுக்கத் தண்ணீர் பாட்டில். சந்தே திரண்டது. யாரோ எனக்குச் சால்வை போர்த்தினார்கள். எனக்கோ ஒன்றும் புரியவில்லை. "நீங்கதான் சீசா கேட்டீங்களாமே?" என்று டிரைவர் தெலுங்கில் கேட்டபோதுதான் உறைத்தது. அக்காவின் சீசா உருது. தெலுங்கில் ஈயம் என்றால் சீசம். சீசா, நம் ஊரைப் போலவே, பாட்டில். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. நானே பிடித்த குரங்கு வேறு.

"வந்த லட்சுமியை ஏன் விரட்டறே? வாங்கி வெச்சுக்கலாம்" என்றார் அக்கா, இரண்டு பெட்டியை வீட்டுக்குள் தள்ளியபடியே.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "வேன் ரெண்டு மாசம் வரும். குழாய் இங்கயேதான் கிடக்கும். அப்புறம் என் பொண்ணுக்கு யார் பதில் சொல்றது?" என்று சால்வையோடு நின்று கத்தினேன். அக்கா என்னோடு கிளம்பச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

பிளம்பர் அறுத்துக்கொடுத்த பழைய குழாய்த் துண்டை இன்ஜினியரின் மேஜைமேல் வைத்தேன். "இதி சீசம் சார். சீசா காது" என்றேன். இது ஈயம், பாட்டில் இல்லை. அவர் வண்டிச் சாவியால் அதைச் சுரண்டினார். உள்ளே வெள்ளியாய்ப் பளபளத்தது. விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது, அடக்க முடியவில்லை. பிறகு, இது என் குழந்தையின் ரத்தத்தில் இருக்கிறது என்று சொன்னேன். அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு, ஒதுக்கி வைத்திருந்த மனுவை எடுத்து முதல் வரியிலிருந்து படித்தார்.

அதற்காகப் பணம் மறுநாளே வந்துவிடவில்லை. இந்த ஆபீஸ், அந்த ஆபீஸ் என்று நானும் அக்காவும் ஏறி இறங்கினோம். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மழைக்காலம் முடிந்த பிறகு நகர்ந்தது. சந்து முழுக்கத் தோண்டிப் போட்டார்கள். ஸ்கூட்டர் வைக்க இடமில்லாமல் எல்லோரும் என்னைத் திட்டினார்கள். எனக்கு அது சால்வையைவிடப் பிடித்திருந்தது.

புதுக்குழாய்த் தண்ணீரில் ஈயம் இல்லை என்று சோதனையில் வந்தது. குழந்தையின் ரத்தத்திலும் குறைந்துகொண்டு வருகிறது என்றார் டாக்டர். அன்று மாலை சமையலறையில் இருந்தேன். வாஷ்பேசினில் தண்ணீர் விழும் சத்தம். ஓடினேன். என் மகள் ஸ்டூல்மேல் ஏறி நின்று இரண்டு கையாலும் தண்ணீரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் விரல்களை விரித்து எல்லாவற்றையும் கீழே விட்டுவிட்டாள். முகத்தில் அவ்வளவு பயம். நான்தான் அவளை அப்படிப் பழக்கியிருந்தேன்.

குழாயை நானே திறந்தேன். "குடிம்மா" என்றேன். நம்பாமல் என்னையே பார்த்தாள். நான் ஒரு கை பிடித்துக் குடித்துக் காட்டினேன். பிறகு அவள் குடித்தாள், சட்டையெல்லாம் நனைய.

"போதுமா?" என்று கேட்டேன்.

"இன்கா காவாலி" என்றாள் தெலுங்கில். இன்னும் வேண்டுமாம்.