சேவ் அக்காவின் மூன்று கேள்விகள்

என் அக்காவை எங்கள் தெருவில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ஆராய்ச்சி மாணவர்கள் வைத்த பெயர்தான் நிலைத்துவிட்டது: சேவ் அக்கா. பதினெட்டு வருடங்களாக வீட்டு முன்னறையில், செருப்பு அடுக்குக்கும் ஜன்னலுக்கும் நடுவில் மேசை போட்டு, ஊரார் பிள்ளைகளின் ஆய்வேடுகளை டைப் செய்து, அட்டவணை போட்டு, அடிக்குறிப்பு சேர்த்துக் கொடுக்கிறாள். ஒரு பத்தி முடிந்தால் போதும், இடது கை தானாகப் போய் சேவ் செய்துவிடும். பேச்சு நடுவில் செய்வாள், தும்மல் நடுவிலும் செய்வாள். மாலையில் எழுந்திருக்கும் முன் பென்டிரைவில் ஒரு பிரதி. "அவங்க நாலு வருஷம் உயிர விட்டு எழுதினது. என் கையில வந்து தொலைஞ்சா நல்லாவா இருக்கும்?" என்பாள். அவள் கையில் எதுவும் தொலைந்ததில்லை.

என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், வேறு வழியில்லை. நான் அவளுக்கு ஒரே தம்பி. கம்ப்யூட்டர் சாமான் கடையில் பன்னிரண்டு வருடமாக விற்பனையில் இருக்கிறேன். கூட்டாளிகள் வைத்த பெயர் வோல்ட்டு. யார் வீட்டில் எது எரிந்தாலும் அழைக்காமலே போய் நிற்பேன், கேட்காமலே விளக்கம் சொல்வேன். வாய்க்கு மட்டும் சம்பளம் கொடுப்பதாக இருந்தால் இந்நேரம் நான் கடை முதலாளி.

போன வெயில் காலத்தில் கரண்ட் ஒரு நாளைக்கு நாலு தடவை போக ஆரம்பித்தது. கரண்ட் போனாலும் கம்ப்யூட்டரைக் கொஞ்ச நேரம் அணையாமல் தாங்கும் யூபிஎஸ் பெட்டி, அக்காவிடம் இருந்த பழையது, செத்துப்போனது. புதிதாக ஒன்று எடுக்க வேண்டும் என்று கடைக்கே வந்தாள். கையில் நான்காக மடித்த ஒரு தாள். அதில் மூன்று கேள்விகளை எழுதி வைத்திருந்தாள். கரண்ட் போனால் எத்தனை நிமிடம் தாங்கும்? போனது தெரிய சத்தம் வருமா? அத்தான் பகலில் தூங்கும்போது அந்தச் சத்தத்தைக் குறைக்க முடியுமா? அத்தானுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் இரவு வேலை. காலை எட்டு மணிக்கு வந்து முன்னறைக்கு அடுத்த அறையில் படுப்பார்.

நான் அந்தத் தாளை முழுதாகப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

"என்னக்கா, பரீட்சைக்கு வந்த மாதிரி வந்திருக்க. தம்பி கடையில இருக்கேன், எனக்குத் தெரியாதா உனக்கு எது சரிப்படும்னு?"

"இல்லடா, கேட்டு வாங்கினா ஒரு நிம்மதி."

"என் மேல நம்பிக்கை இல்லன்னா பக்கத்துக் கடையில போய்க் கேளு."

இதைச் சொன்னால் அவள் அடங்கிவிடுவாள் என்று எனக்குத் தெரியும். அடங்கிவிட்டாள். தாளை மறுபடி மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

எங்கள் கடையில் மேல்தட்டில் மூன்று யூபிஎஸ் பெட்டிகள் இரண்டு வருடமாகத் தூசி தின்றுகொண்டிருந்தன. "அந்த மூணையும் எவன் தலையிலயாவது கட்டுங்கப்பா" என்று முதலாளி அந்த வாரம்தான் சொல்லியிருந்தார். யூபிஎஸ்ஸுக்குள் இருப்பது பேட்டரி. சார்ஜ் ஏறாமல் இரண்டு வருடம் சும்மா கிடந்தால் பாதி உயிர்தான் மிஞ்சும். முன்பின் தெரியாத வாடிக்கையாளரிடம்கூட "தேதி பார்த்து வாங்குங்க" என்று சொல்கிற ஆள் நான். பெட்டியின் அடியில் தயாரித்த தேதி இருந்தது. பார்த்தேன். முதலாளியிடம் நல்ல பேர் வாங்கும் ஆசையில் அந்தப் பெட்டியைச் சொந்த அக்காவின் தலையிலேயே கட்டினேன். நானே தூக்கிக்கொண்டு போய் மேசைக்கு அடியில், காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் வைத்து மாட்டிக் கொடுத்தேன். சுவிட்சை அணைத்து எத்தனை நிமிடம் தாங்குகிறது என்று பார்க்கலாமா என்றாள். "அதெல்லாம் கம்பெனியிலயே பார்த்துத்தான் அனுப்புவாங்க" என்று சொல்லிவிட்டுத் தேநீர் குடித்தேன்.

இரண்டாவது வாரம் அத்தான் கண் சிவந்து வந்து நின்றார். அதிகம் பேசாத மனிதர்.

"மாப்ள, அந்தப் பெட்டி கத்துற கத்துல தூக்கமே இல்ல. கொஞ்சம் கொறச்சு வைக்க முடியுமா?"

அந்த மாடலில் சத்தத்தைக் குறைக்கும் பொத்தானே கிடையாது. அக்காவின் மூன்றாவது கேள்வி அப்போதுதான் என் முகத்தில் அறைந்தது. பொத்தான் இல்லை என்று சொன்னால், பிறகு ஏன் இதை எடுத்தாய் என்று கேட்பாளே! "ஒரு நிமிஷ வேலை அத்தான்" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்து மூடியைத் திறந்தேன். சத்தம் போடுவது உள்ளே இருக்கும் சின்னக் கறுப்பு வில்லை. அதன் இரண்டு கால்களையும் கட்டரால் கத்தரித்து, வில்லையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள்.

"சத்தம் வரும்ல? நான் வேலையில இருந்தா எதையும் கவனிக்க மாட்டேன்டா."

"வரும்க்கா. கொஞ்சம் கொறச்சு வச்சிருக்கேன், அவ்வளவுதான்."

வெயில் காலம் முழுக்க ஒன்றும் ஆகவில்லை. கரண்ட் போனால் தலைக்கு மேல் மின்விசிறி நிற்கும், அவளுக்குப் புழுங்கும், உடனே கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்துவிடுவாள். சத்தம் வராததை அவள் யோசிக்கவே இல்லை. நானும் அடியோடு மறந்துபோனேன்.

பிறகு குளிர் வந்தது. மின்விசிறியை அணைத்தாள். ஜன்னல் வெளிச்சமே போதும் என்று பகலில் விளக்கும் போடுவதில்லை.

அப்படி ஒரு நாள், ஒரு மாணவியின் ஆய்வேடு. மாலை ஐந்து மணிக்குள் பல்கலைக்கழக அலுவலகத்தில் கொடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வாய்ப்பு ஆறு மாதம் கழித்துத்தான். அந்தப் பெண்ணுக்கு ஒரு கல்லூரியில் வேலை பேசி வைத்திருந்தார்கள், அதுவும் இந்தத் தேதியைப் பொறுத்தது. காலையிலிருந்து அக்கா அடிக்குறிப்புகளையும் பக்க எண்களையும் முடித்துக்கொண்டிருந்தாள். மூன்றரைக்குக் கரண்ட் போயிருக்கிறது. அவளுக்குத் தெரியவில்லை. ஐந்தாறு நிமிடம் போயிருக்கும், பழக்கப்படி அவள் சேவ் செய்த அந்த நொடியிலேயே திரை கறுத்துப்போனது. கரண்ட் வந்த பிறகு பார்த்தால், பாதி சேவில் அறுந்துபோன கோப்பு திறக்கவில்லை. பென்டிரைவில் முந்தின நாள் பிரதிதான் இருந்தது. அன்று பகல் முழுதும் செய்த வேலை போய்விட்டது.

என்னைப் போனில் கூப்பிட்டாள். ஓடிப்போய் மேசைக்கு அடியில் மண்டியிட்டுத் தலையை நுழைத்தேன். நாலரை மணிக்கு அந்த மாணவி வாங்கிப் போக வந்தாள். விஷயம் தெரிந்ததும் அழுதாள், அப்புறம் கோபம் வந்தது.

"நீங்க சேவ் பண்ணலையா? உங்கள நம்பித்தானே கொடுத்தேன்."

"பண்ணேன்மா. பண்ணிட்டுத்தான் இருந்தேன்."

"கரண்ட் போனா இந்தப் பெட்டி கத்துமே? எங்க விடுதியில காது கிழியும். உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

அக்கா குனிந்து மேசைக்கு அடியில் இருந்த என்னைப் பார்த்தாள்.

"தம்பி, சத்தம் வந்திருக்கும்ல?"

மேசைக்கு அடியில் நல்ல இருட்டு. என் முகம் அவளுக்குத் தெரிந்திருக்காது.

"வந்திருக்கும்க்கா" என்றேன்.

அக்கா நிமிர்ந்தாள். "அப்போ எனக்குத்தான்மா கேக்கல" என்று அந்தச் சின்னப் பெண்ணிடம் கை கூப்பி மன்னிப்புக் கேட்டாள். அந்த நேரத்தில் நான் வெளியே வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காகிதக் கட்டைத் தள்ளி வைப்பதுபோலப் பாவனை செய்துகொண்டு உள்ளேயே இருந்தேன். முப்பத்தெட்டு வயது ஆம்பிளை. சே!

அதற்குப் பிறகு நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. நாலு நாளில் மறந்துவிடுவாள் என்றிருந்தேன். அவளோ தன் காதைச் சந்தேகப்பட ஆரம்பித்தாள். அத்தானை அடுத்த அறையில் நிறுத்தி மெல்லப் பேசச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள். போனில் யார் பேசினாலும், சொன்னதை ஒரு முறைக்கு இரண்டு முறை கேட்டாள். தேடி வந்த இரண்டு ஆய்வேடுகளை வேண்டாம் என்று திருப்பி அனுப்பினாள். "காது போன பொம்பள அடுத்தவங்க படிப்புல விளையாடக் கூடாது" என்றாளாம். அத்தான் என்னிடம் சொல்லி வருத்தப்பட்டார். தன் தூக்கத்துக்காகத்தானே சத்தத்தைக் குறைத்தோம் என்று அவருக்கு வேறு குற்ற உணர்ச்சி. சொல்லிவிடலாம் என்று மூன்று தடவை அவள் வீட்டுப் படி ஏறினேன். மூன்று தடவையும் தேநீர் குடித்துவிட்டு இறங்கினேன்.

காது ஆஸ்பத்திரிக்குக் கூட வரச் சொன்னாள். போனேன். கண்ணாடி போட்ட ஒரு சின்ன அறைக்குள் அவளை உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டினார்கள். சத்தம் கேட்கும் போதெல்லாம் கையைத் தூக்க வேண்டும். நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். அக்கா கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மூச்சைக் கூட அடக்கிக்கொண்டு கேட்டாள். வலது கை மேலே போனது, இறங்கியது, மறுபடி போனது. ஒரு தடவைகூடத் தவறவில்லை.

"உங்களுக்குக் காதுல ஒரு குறையும் இல்லம்மா" என்றார் டாக்டர்.

அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். வெளியே நடைபாதை பெஞ்சில் வந்து உட்கார்ந்தவள் கையிலிருந்த சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்போ காது இல்ல, மூளைதான். சத்தம் காதுல விழுந்தும் எனக்கு உறைக்கல. தம்பி, அதுக்கு எந்த டாக்டர்டா பார்க்கணும்?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை.

"அக்கா, அதுல சத்தமே வராது. நான்தான் வெட்டிட்டேன்."

தேதி பார்த்ததையும், முதலாளி சொன்னதையும், பொத்தான் இல்லாததையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். நடைபாதையில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அன்னிக்கு மேசைக்கு அடியில இருந்து வந்திருக்கும்னு சொன்னியே?"

"சொன்னேன்."

"தெரிஞ்சேதான் சொன்னியா?"

"தெரிஞ்சேதான்."

கன்னத்தில் ஒன்று விட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். அவள் கைப்பையிலிருந்து போனை எடுத்து, அந்த மாணவியின் எண்ணைத் தட்டி என்னிடம் நீட்டினாள். "அந்தப் பொண்ணுகிட்டயும் சொல்லு." சொன்னேன். "அந்த வேலைய வேற யாருக்கோ கொடுத்துட்டாங்க. அக்காகிட்ட நான் அப்படிப் பேசினதுக்கு மன்னிப்பு கேட்டேன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள் அந்தப் பெண். என்னிடம் வேறொன்றும் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

அக்கா போனை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.

மூன்றாம் நாள் கடைக்கு வந்தாள். பக்கத்துக் கடைக்குப் போயிருக்கலாம். என் மேசைக்குத்தான் வந்தாள். முன்னால் இருந்த இரண்டு பேர் வாங்கிப் போகும் வரை வரிசையில் நின்றாள். பிறகு அந்த நான்கு மடிப்புத் தாளைப் பிரித்து மேசைமேல் வைத்தாள்.

"இது எத்தனை நிமிஷம் தாங்குங்க?"

பிறந்ததிலிருந்து என்னை 'தம்பி', 'டேய்' என்று கூப்பிடுகிறவள், வேற்று ஆளிடம் பேசுவதுபோல 'ங்க' போட்டாள். முதலாளி கூட நிமிர்ந்து பார்த்தார். புதுச் சரக்கிலிருந்து ஒன்றை எடுத்துத் தேதியைக் காட்டினேன். கம்ப்யூட்டரை மாட்டி, சுவரில் இருந்த ப்ளக்கைப் பிடுங்கினேன். பெட்டி கத்த ஆரம்பித்தது. சத்தத்தைக் குறைக்கும் பொத்தானையும் அழுத்திக் காட்டினேன். அவளே மறுபடி அதை அழுத்திச் சத்தத்தைத் திருப்பி வைத்தாள்.

"அத நிறுத்துப்பா, கடையில நிக்க முடியல" என்றார் முதலாளி.

"இருக்கட்டுங்க. முழுசா கேட்டுட்டுப் போறேன்" என்றாள் அக்கா.

இருபத்திரண்டு நிமிடம் தாங்கியது. அவ்வளவு நேரமும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்க்கவில்லை. பெட்டி ஓய்ந்ததும் தாளில் மூன்று கேள்விகளுக்கும் பக்கத்தில் பேனாவால் குறித்துக்கொண்டாள். நான் பெட்டியைக் கட்டி, வீட்டுக்கு எடுத்துப் போகத் தூக்கினேன்.

"வேண்டாங்க, கொடுங்க. நானே மாட்டிக்கிறேன்" என்று கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.